நடுவாசல் சப்வூஃபர்

என் வீட்டுக்காரர் செல்லதுரை ஹோம் தியேட்டரை மாற்றப் போகிறேன் என்று சொன்னபோதே எனக்குத் தெரியும், அது படம் பார்ப்பதற்காக இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவருடைய அண்ணனைப் படுத்துவதற்காக. மனுஷனுக்குப் படம் பார்க்கிற பொறுமையெல்லாம் கிடையாது. இடைவேளைக்கு முன்பே குறட்டை வந்துவிடும். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சாவித்திரி பொங்கலுக்கு வந்தபோது ஒரு பெரிய டிவி வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். படம் பளபளவென்று தெரிந்தது. சத்தம் மட்டும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. டிவிடி பிளேயரோடு என்றைக்கோ வாங்கிய குட்டி ஸ்பீக்கர்களில் பாதி செத்துப் போயிருந்தன. நல்லதாக ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவள்தான் சொன்னாள். நல்லது என்றால் இவருக்கு ஒரே அர்த்தம். சுவர் அதிர வேண்டும்.

அந்தச் சுவரின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சீர்காழிக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஒரே வீட்டின் நடுவே ஒரு சுவர். வடக்குப் பாதியில் அண்ணன் சாமிதுரை, தெற்குப் பாதியில் நாங்கள். சாமிதுரை மாமாவைக் கட்டியிருப்பவள் ராமாயி, என் கூடப்பிறந்த அக்கா. அண்ணனும் தம்பியும் அக்காளையும் தங்கச்சியையும் கட்டிக்கொண்டால் குடும்பம் பிரியவே பிரியாது என்று பெரியவர்கள் முடிவு செய்து எங்களை இந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களைக் கூப்பிட்டு இந்தச் சுவரைக் காட்டலாம் என்று பார்த்தால் ஒருவரும் உயிரோடு இல்லை.

எங்கள் மாமனார் வைரக்கண்ணு பண்ணையில் ஆளாக நின்றவர். சங்கத்தில் சேர்ந்து, சிவப்புக் கொடி பிடித்து, அடி வாங்கி, கேசுக்காக நாகப்பட்டினத்துக்கும் ஊருக்கும் நடையாய் நடந்து, கடைசியில் தான் கூலிக்கு அறுத்த நிலத்துக்கே பட்டா வாங்கினார். வாய்க்காலை ஒட்டி மேல்வயல், அதற்கு அடுத்து கீழ்வயல். பிள்ளைகள் இரண்டு பேரும் அப்பாவின் கொடியை விட்டுவிட்டு ஆளுக்கொரு கழகத்தில் சேர்ந்துகொண்டார்கள். ஒரு ஆட்சியில் இலவச டிவி வந்தது. அடுத்த ஆட்சியில் மிக்சியும் கிரைண்டரும் வந்தன. எதிர்க்கட்சிக்காரன் கொடுத்த சாமான் வேண்டாம் என்று இரண்டு பேரில் ஒருவரும் சொன்னதில்லை. என்னுடைய சத்துணவு அமைப்பாளர் வேலைகூட இவருக்குப் பிடிக்காத ஆட்சியில் கிடைத்ததுதான். அந்தச் சம்பளத்தைக் கையால் தொடமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை.

ஆகவே சண்டை கட்சியால் வரவில்லை. தண்ணீரால் வந்தது. எங்கள் பக்கம் தண்ணீர் வயல் விட்டு வயல் பாயும். கீழ்வயல் நனைய வேண்டுமென்றால் மேல்வயல் வழியாகத்தான் தண்ணீர் வர வேண்டும். காவிரி வறண்டு குறுவை போன ஒரு வருஷம், சம்பாவுக்கு வந்த கொஞ்சம் தண்ணீரை மாமா மடையை அடைத்துத் தன் வயலிலேயே நிறுத்திக்கொண்டார். எங்கள் நாற்றங்கால் காய்ந்து வெடித்தது. இவர் மண்வெட்டியோடு மடையைத் திறக்கப் போனார். போன கோபத்தில் வரப்பையும் சேர்த்து வெட்டினார். மாமாவின் நாற்று அழிந்தது. யார் பக்கம் நியாயம் என்று ஊரில் என்னைக் கேட்டார்கள். இரண்டு பேரையும் ஒரே விளக்குமாற்றால் சாத்த வேண்டும் என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் என் பதில்.

அதற்கப்புறம் நிலம் பிரிந்தது, வீடு பிரிந்தது. வீட்டின் நடுச்சுவரில் ஒரு வாசல் இருந்தது. அதை அடைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு வைத்துப் புழங்கிய உள்வாசலை அடைப்பதென்றால் முதல் செங்கல்லை அந்த வீட்டு ஆள் ஒருவர் தன் கையால் வைக்க வேண்டும். அப்புறம்தான் கொத்தனார் கரண்டியைத் தொடுவார். மாமா, தம்பிதானே பிரித்துக் கேட்டான், அவன் வைக்கட்டும் என்றார். இவர், மூத்தவர் இருக்கும்போது நான் எப்படி வைப்பது என்று அன்றைக்குப் பார்த்து மரியாதை பேசினார். கொத்தனார் டீ குடித்தார், வெற்றிலை போட்டார், சிமெண்டு மூட்டையைப் பிரிக்காமலே போய்விட்டார். அண்ணனும் தம்பியும், பொம்பளைகளே அடைச்சு முடிங்க என்று எங்களிடம் சொல்லிவிட்டு ஆளுக்கொரு டீக்கடைக்குப் போனார்கள்.

நாங்கள்தான் அடைத்தோம். அக்கா அந்தப் பக்கம் நின்றாள், நான் இந்தப் பக்கம். சிமெண்டைக் குழைக்கலாம் என்று நான் மூட்டையை இழுத்தேன். அவள் வேண்டாம் என்றாள்.

"வயல் மண்ணே போதும் தங்கம். நாளைக்கு எடுக்கணும்னா சுலபமா இருக்கும்."

கீழ்வயல் களிமண்ணைக் குழைத்து, செங்கல்லை ஒற்றை வரிசையாக அடுக்கினோம். கடைசிச் செங்கல் வைக்கும்வரை அவள் முகம் தெரிந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் மண்ணைப் பூசி வெள்ளையடித்தோம். நான் அழுதுகொண்டேதான் வெள்ளையடித்தேன். புருஷன்மார் திரும்பி வந்து, சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல், நல்ல வேலை என்றார்கள். சிமெண்டுச் சுவர் என்றே இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த மூட்டையை நான் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுத் தரைக்குக் கொடுத்துவிட்டேன்.

மாமா அதோடு விடவில்லை. என்னோடு இனிமேல் பேசமாட்டேன் என்று அக்காவிடம் அவள் மகன் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். அக்கா சத்தியத்துக்குப் பயந்தவள். ஆனால் ஆட்டோடு பேசக்கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. கொல்லையில் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் ஆட்டைக் கட்டிக்கொண்டே, "ஏ ஆடே, திருப்பூர்ல எம்மவனுக்குக் காய்ச்சலாம்" என்பாள். நான் இந்தப் பக்கம் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டே, "ஏ கோழி, கஷாயம் வச்சுக் குடுக்கச் சொல்லு" என்பேன். சாவித்திரிக்கு வேலை கிடைத்ததும், எனக்குச் சர்க்கரை வந்ததும், அம்மாவின் திவசத்துக்கு என்ன படைப்பது என்பதும் அந்த ஆட்டுக்கும் கோழிக்கும் தெரியும்.

இந்த வருஷம் சித்திரையில் ஒருநாள் அவள் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்புறம் சொன்னாள்.

"உன்னயும் வித்துடுவாங்க ஆடே. வீட்டயும் வயலயும் உரக்கடை சாரங்கபாணி கேட்டிருக்காரு. நாங்க திருப்பூருக்கே போயிடப் போறோம்."

தவிட்டுச் சட்டியை அங்கேயே போட்டேன். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன். பேசாவிட்டாலும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மிக்கல்லைக் கழுவுவது எனக்குக் கேட்கும், இருமுவது கேட்கும். அவள் போய்விட்டால் அங்கே யூரியா மூட்டை அடுக்கி வைப்பார்கள். எனக்கு அக்கா வேண்டும். உடன்பிறந்தது ஒருத்திதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? இவரிடம் மெதுவாக, மேல்வயல் அசலாருக்குப் போனால் நம் மடை என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தேன். மனுஷனுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும், போனால் போகட்டும், சனியன் விட்டது என்றார்.

அந்த வாரமே மாமாவின் கட்சிக்கு ஏதோ விழா. மாமா தன் பாதி மாடியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, வாயை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். காலையில் ஆரம்பித்த பேச்சும் பாட்டும் சாயங்காலம் வரை ஓயவில்லை. இவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதைப் பூராவும் கேட்டார். சாயங்காலம் துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, கிளம்பு, யூனுஸ் பாய் கடைக்குப் போகலாம் என்றார். இவர் கொண்டுவரப் போகிற சத்தத்தில் அவர்கள் இன்னும் சீக்கிரம் மூட்டையைக் கட்டிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். எப்படியாவது சின்னதாக ஒன்றை வாங்க வைத்துவிட வேண்டும் என்றுதான் நானும் கூடப் போனேன்.

யூனுஸ் ஷார்ஜாவில் ஸ்பீக்கர் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து சீர்காழியில் கடை போட்டவர். அவசரப்படாத ஆள். டிவி என்ன அளவு, ஹால் எவ்வளவு நீளம், மேலே ஓடா தளமா, கரண்ட் எப்படி வருகிறது என்று டாக்டர் மாதிரி எல்லாம் விசாரித்தார். மோட்டார் ஓடுகிற நேரத்தில் எங்கள் ஊரில் லைட்டே மங்கும் என்றேன். ஸ்டெபிலைசர் இல்லாமல் ரிசீவரைத் தொடாதீர்கள் என்றார்.

ரிசீவர் என்பதுதான் எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்கிற பெட்டியாம். டிவியிலிருந்து சத்தத்தை வாங்கி, எது எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புமாம். இவர் கண் நேராக நீலமும் சிவப்புமாய் விளக்கு ஓடுகிற ஒரு பெட்டிக்குப் போனது. மேலே ஆயிரக்கணக்கில் வாட் என்று அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் விளக்கே இல்லாமல் கறுப்பாக ஒன்று இருந்தது. யூனுஸ் வியாபாரப் பேச்சு எதுவும் பேசவில்லை. இரண்டையும் தூக்கிப் பாருங்கள் என்றார். இவர் விளக்குப் பெட்டியை ஒரு கையால் தூக்கினார். கறுப்புப் பெட்டிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"பதர் எது, நெல்லு எதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமாண்ணே?" என்றார் யூனுஸ்.

உள்ளே டிரான்ஸ்பார்மர் பெரிதாக இருந்தால்தான் கனம் வருமாம், அப்போதுதான் சத்தம் கூட்டினாலும் திணறாதாம். இவர் கறுப்புப் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். முன்னால் வைக்க இரண்டு ஸ்பீக்கரும் முடிவானது. அப்புறம் நீளவாட்டில் ஒரு ஸ்பீக்கரைக் காட்டி, இது நடுவில், டிவிக்குக் கீழே வைப்பது, செண்டர் என்று பெயர், படத்தில் வருகிற பேச்சு முக்கால்வாசியும் இதில்தான் வரும் என்றார்.

"பேச்சு யாருக்கு வேணும் பாய்? அத விட்டுட்டு டம் டம்னு அதிருற பேஸைக் காட்டுங்க."

செண்டர் இல்லை என்று ரிசீவரில் சொல்லிவிட்டால் பேச்சு இரண்டு பக்கத்து ஸ்பீக்கரிலும் பிரிந்து வரும், அதுவும் கேட்கும், ஆனால் பேஸை ஏற்றினால் பேச்சு அமுங்கிப்போகும் என்று யூனுஸ் எச்சரித்தார். இவர் காதில் அது ஏறவில்லை. யூனுஸ் எங்களைக் கடைக்குப் பின்னால் ஒரு அறைக்குக் கூட்டிப்போனார். சுவரெல்லாம் கெட்டித் துணி தொங்கியது. எட்டு இன்ச், பத்து இன்ச், பன்னிரண்டு இன்ச் என்று அந்த பேஸுக்கென்றே செய்த சப்வூஃபர் பெட்டிகள் மூன்று வரிசையாக இருந்தன. பன்னிரண்டு இன்ச் ஒரு கன்றுக்குட்டி படுத்த மாதிரி இருந்தது.

நான் எட்டைப் பிடித்துக்கொண்டேன். நம் ஹால் கையகலம், இவ்வளவு பெரியதை வைத்தால் நடமாட இடமிருக்காது, பெருக்க முடியாது, பூனை ஏறிப் படுத்துக்கொள்ளும் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். யூனுஸும் என் பக்கம்தான். உங்கள் ஹாலுக்குப் பத்தே தாராளம் என்றார். இவர் அதையெல்லாம் விட்டுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் எது நன்றாகக் கேட்கும் என்று கேட்டார்.

யூனுஸ் சிரித்துவிட்டார். பேஸுக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை, எதுவாக இருந்தாலும் போகும், ஆனால் பேச்சு போகாது, அந்தப் பக்கத்துக்காரருக்கு டம் டம் மட்டும்தான் என்றார். இவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி மலரவில்லை.

சரி, கேட்டுப் பாருங்கள் என்று யூனுஸ் இடி இடிக்கிற ஒரு காட்சியைப் பன்னிரண்டு இன்ச்சில் போட்டார். காதில் கேட்பதற்கு முன்னால் அது கால் வழியாக ஏறியது. மேஜையில் இருந்த தம்ளர் தண்ணீர் நடுங்கியது. எங்கோ பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு கடகடவென்று ஆடியது. யூனுஸ் நிறுத்திவிட்டு, அலமாரிக் கதவின் கீல் தளர்ந்திருக்கிறது, இன்றைக்குத்தான் தெரிகிறது என்றார்.

"ரூம்ல எது லூசா இருந்தாலும் இது கண்டுபிடிச்சிரும் அக்கா. இறுக்கிப் பூசினது அசையாது. சும்மா அடுக்கி வச்சதெல்லாம் ஆடும்."

நான் அந்த அலமாரிக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். மண் வைத்துக் கட்டியது ஆடுமா என்று கேட்டேன். இந்தக் காலத்தில் மண் வைத்து யார் கட்டுகிறார்கள் என்றார். சும்மா கேட்கிறேன் என்றேன். அப்புறம், பெட்டியைச் சுவரோடு ஒட்ட வைத்தால் நாளாவட்டத்தில் மண் உதிரும் என்றார்.

நான் எட்டு இன்ச்சின் மேலிருந்து கையை எடுத்தேன்.

"ஏங்க, வாங்குறதுதான் வாங்குறோம். பெருசையே எடுத்துக்குங்க."

இவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு நேரம் நடமாட இடமில்லை என்றவள் நான்தான். யூனுஸுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் இவருக்குத் தன் பெண்டாட்டி கடைசியில் தன் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று ஒரே பெருமை. வண்டியில் வரும்போது எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

யூனுஸ் மறுநாள் வந்து எல்லாவற்றையும் மாட்டினார். சப்வூஃபரை மூலையில் வைக்கலாம் என்றார். நான் அடைத்த வாசலைக் காட்டினேன். ஒற்றைச் செங்கல் என்பதால் அந்த இடத்தில் சுவர் உள்வாங்கியிருக்கும், பெட்டி அதில் கச்சிதமாகப் பொருந்தியது. சுவரை இப்படி ஒட்ட வைத்தால் சத்தம் கொழகொழவென்று இருக்கும் அக்கா என்று அவர் தயங்கினார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றோம், இவரும் நானும் ஒரே குரலில்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் விளக்கு வைத்ததும் கச்சேரி ஆரம்பம். இவருக்கு முழுப் படம் தேவைப்படவில்லை. ஒரு படத்தில் துறைமுகத்துக் குடோனில் ஒரு சண்டை வரும். கதாநாயகன் ஒரு அடி அடித்தால் பெட்ரோல் டேங்கர் வெடிக்கிற மாதிரி சத்தம் வரும். அதையே திரும்பத் திரும்பப் போட்டார். சண்டைக்கு முன்னால் வருகிற பேச்சு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. போட்டுவிட்டு அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக் காத்திருப்பார். மாமா வந்து கத்துவார், நாமும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஆசை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. இவருக்குச் சோறு இறங்கவில்லை. சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

கொல்லையில் அக்கா ஆட்டிடம், "ஆடே, காலண்டர் பின்னாடி மண்ணு உதிருது, யாரு பெருக்குறது?" என்றாள்.

"கோழி, கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க," என்றேன் நான்.

அவள் ஆட்டை விட்டுவிட்டு வேலிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தாள். புரிந்துகொண்டாள். சின்ன வயதில் மாங்காய் திருடப் போகும்போது அப்படித்தான் பார்ப்பாள். எல்லா வேலையையும் மெஷின் தலையிலேயே போடக்கூடாது என்று, நானும் தினம் பெருக்கும்போது பெட்டிக்குப் பின்னால் விளக்குமாற்றுக் காம்பை விட்டுக் கொஞ்சம் சுரண்டிவிட்டேன். அந்தப் பக்கம் அவள் என்ன கைங்கரியம் செய்தாள் என்று நான் இன்றைக்குவரை கேட்கவில்லை.

ஆனால் நாளும் நெருங்கியது. சாரங்கபாணி வெள்ளிக்கிழமை வந்து வீட்டைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. புதன்கிழமை அக்கா பழைய பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிற சத்தம் கேட்டது. பித்தளைக் குடம் தரையில் இடித்தது. மெஷினையும் மண்ணையும் நம்பினேனே, என்ன பைத்தியக்காரத்தனம் என்று இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் இவர் அதே சண்டையைப் போட்டார். டேங்கர் அடி விழுந்தது. சப்வூஃபருக்குப் பின்னால் சரசரவென்று ஏதோ ஓடியது. எலி என்று இவர் காலைத் தூக்கிக்கொண்டார். அடுத்த அடிக்கு, வெள்ளையடித்த பூச்சு பாளமாக விரிந்து கீழே வந்தது. அதற்கடுத்த அடிக்கு நடுவிலிருந்த செங்கற்கள் மெதுவாக, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு போவதுபோல், அந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தன.

தூசி அடங்கியதும் ஓட்டை வழியாகப் பார்த்தோம். அங்கே சாமிதுரை மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலி. தலையெல்லாம் மண். மடியில் ஒரு அரைச்செங்கல், கட்சித் தலைவர் படம் போட்ட காலண்டர். நல்லவேளை, ஒரு காயமும் இல்லை. நாற்காலியின் கால் பட்டுத் தரையில் நான்கு தழும்பு விழுந்திருந்தது. தினமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். தினமும் சுவரில் காதை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

இவர் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றார். படம் நின்றிருந்தது. இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்து எத்தனையோ வருஷம். மாமாவின் மீசை வெளுத்திருந்தது. இவர் தொண்டையைக் கனைத்தார். கடைசியில் மாமாதான் மடியில் இருந்த செங்கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"டேய், அந்தச் சண்டைக்கு முன்னாடி அவன் என்னடா சொல்றான்? தினம் கேக்குறேன், அது மட்டும் விளங்கவே இல்ல."

இவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அப்புறம் கதாநாயகன் மாதிரியே கையை உயர்த்தி, குரலைக் கட்டி, முழுசாகச் சொன்னார்.

"எங்கம்மா சோறு போட்டு வச்சிருக்கா. ஆறிப் போவும். சாப்புட்டு வந்து அடிக்கட்டுமா, அடிச்சுட்டுப் போய் சாப்புடட்டுமான்னு கேக்குறாண்ணே."

மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் மண் உதிர உதிரச் சிரித்தார். இதுக்காடா இவ்வளவு சத்தம் என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார். இவரும் சிரித்தார். சிரிக்கும்போது இரண்டு பேரும் மாமனார் மாதிரியே இருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

அக்கா அவருக்குப் பின்னால் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கவில்லை. புருஷன் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்களே பேசிட்டீங்க. இப்ப நான் பேசலாமா?"

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றது. தலையைக் குனிந்துகொண்டார். பேசு என்று கையைக் காட்டினார். அவள் செங்கல்லைத் தாண்டி வந்து, ஓட்டைக்குள் கையை விட்டு என் கன்னத்தைத் தொட்டாள்.

"எளச்சுட்டியே தங்கம்," என்றாள்.

நான் இளைக்கவில்லை. சத்துணவுக் கூடத்தில் இருபது வருஷம் ருசி பார்த்த உடம்பு. ஆனாலும் ஆமாம்க்கா என்றேன்.

வெள்ளிக்கிழமை சாரங்கபாணி வந்தார். ஓட்டையைப் பார்த்துவிட்டு, இதை அடைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் உர மூட்டைக்கும் உங்கள் சோற்றுப் பானைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையே என்றார். மாமா கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார். அதே கொத்தனார்தான். வந்தவர் அதே இடத்தில் உட்கார்ந்து, முதல் கல்லை வீட்டு ஆள் யாராவது வையுங்கள் என்றார். மாமா அக்காவைப் பார்த்தார். என் கை போன தடவையே வைத்தாயிற்று, இனிமேல் வைக்காது என்றாள் அக்கா. நானும் அதையேதான் சொன்னேன். மாமா தம்பியைப் பார்த்தார். இவர் டிவியைத் துடைக்கப் போய்விட்டார். சாரங்கபாணி பொறுமை போய், என் லோடுமேனை விட்டு வைக்கச் சொல்கிறேன் என்றார். வீட்டு ஆள் கையால் வைத்தால்தான் ஆச்சு என்று கொத்தனார் வெற்றிலையை மடித்தார். மாமா செங்கல் குவியலிடம் போனார். குனிந்து ஒன்றை எடுத்தார். என் உயிர் என்னிடம் இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். களிமண் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினார்.

"இது கீழ்வயல் மண்ணுல்ல?" என்று அக்காவைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். மாமா செங்கல்லைக் குவியலிலேயே போட்டுவிட்டு, சாரங்கபாணியிடம் திரும்பினார்.

"அடைக்க எங்க வீட்ல ஆள் இல்லீங்க. நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை இவரும் நானும் மறுபடி சீர்காழிக்குப் போனோம். போன தடவை வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த நீளமான ஸ்பீக்கர் இன்னும் இருக்கிறதா என்று இவர் கேட்டார். யூனுஸ் அதைத் துடைத்து மேஜையில் வைத்து, பேச்சு யாருக்கு வேணும்னீங்களேண்ணே என்று வம்புக்கு இழுத்தார். இவர் ஸ்பீக்கரைத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"எங்க அண்ணனுக்கு வேணுமாம்."

வீட்டுக்கு வந்து அதை டிவிக்குக் கீழே வைத்தார். சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் மறுபடியும் குனிந்து, அதன் முகத்தை நடுவாசல் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தார்.